மணப்பெண்ணின் சுருள் மண்டபம் வரை நிற்பதற்கு: மட்டக்களப்புக் காற்றில் கூந்தல் சுருட்டும் முறைகள்

கூந்தலைச் சுருட்டித் தரும்படி கேட்டு வருபவரிடம் நான் முதலில் விசாரிப்பது கல்யாணம் எந்த மாதம் என்பதைத்தான். வந்தவர் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதைப் போல வேண்டும் என்று காட்ட ஆயத்தமாக நிற்பார். மாதத்தைக் கேட்டதும் சற்றுத் திகைப்பார். ஆனால் எங்கள் ஊரில் வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உதட்டையே வெடிக்கவைக்கும் அளவுக்கு உலர்ந்தது. கார்த்திகையில் மழை பிடித்தால் கொடியில் போட்ட சீலை இரண்டு நாளாகியும் காயாது. அதே தலையில், அதே கையால், அதே ரோலரைக் கொண்டு அமைத்த சுருள் ஆனியில் இரவு விருந்து வரை நிற்கும். தையில் தாலி கட்டுவதற்கு முன்பே தளர்ந்து தோளில் விழும். மார்கழியில் இந்துக்கள் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஒரு மாதம் தப்பித்துக்கொள்கிறோம் என்று பார்த்தால், நத்தாருக்குப் பின் வரும் தேவாலயத் திருமணங்கள் அந்தக் கணக்கைச் சரிசெய்துவிடுகின்றன.

இந்த வேறுபாட்டுக்கான காரணம் முடியின் உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு முடியும் கெரற்றின் என்னும் புரதத்தின் நீண்ட சங்கிலிகளால் ஆனது. அச்சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிணைத்து முடிக்கு அதன் வடிவத்தைக் கொடுக்கும் கட்டுகளுள் இரண்டை மட்டும் தெரிந்துகொண்டால் இந்த வேலைக்குப் போதும். முதலாவது ஐதரசன் பிணைப்பு: எண்ணிக்கையில் மிகுதி, வலிமையில் குறைவு, தண்ணீர் பட்டதும் அவிழும், காயும்போது முடி எந்த வடிவத்தில் வைக்கப்பட்டிருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மீண்டும் கட்டிக்கொள்ளும். இரண்டாவது கந்தகப் பிணைப்பு: தண்ணீருக்கோ சீப்புக்கோ அசையாது, அதனை அவிழ்க்க வீரியமான இரசாயனம் வேண்டும். வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு நான் இவற்றை நீர்க்கட்டு, கந்தகக்கட்டு என்று பெயர் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். துணி, கிளிப், ரோலர், சூடான இடுக்கி ஆகிய அனைத்தும் நீர்க்கட்டோடு மட்டுமே விளையாடுகின்றன. மருந்திட்டு நிலையான சுருள் அமைக்கும் பேர்மிங் ஒன்றே கந்தகக்கட்டை மாற்றுகிறது. நீரால் கட்டிய சுருளை நீர் வந்து அவிழ்த்துவிடும், அந்த நீர் மழையாகத்தான் வரவேண்டும் என்பதில்லை, காற்றின் ஈரமே போதும். பெண்கள் கூந்தலைச் சுருட்டிய நெடுங்கால வரலாறு முழுவதும், எந்தக் கட்டைப் பிடித்தால் சுருள் அதிக நேரம் நிற்கும் என்று தேடிய வரலாறாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே ஒவ்வொரு முறையையும் சொல்லும்போது அது வந்த வழியையும் சேர்த்தே சொல்கிறேன். வந்த வழி தெரிந்தால் கை தவறுவது குறையும்.

முதல்நாள் பின்னேரம்

எண்ணெய் வைத்த தலையில் எந்தச் சுருளும் நிற்காது. தேங்காயெண்ணெய் முடியைச் சுற்றிப் படலமாகப் படிந்து தண்ணீரையும் பசையையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. முடியின் உடல்நலத்துக்கு அது நல்லது, சுருளுக்கு அது பகை. எனவே கல்யாணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்கு எண்ணெயை நிறுத்தி, முதல்நாள் பின்னேரம் ஷாம்பூ இரண்டு முறை போட்டுத் தலைமுழுகவேண்டும். கண்டிஷனர் போடுவதாயின் நுனியில் மட்டும் சிறிதளவு போடலாம். கடற்கரையை அண்டிய வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கடைசியாக அலசுவதற்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். உப்புப் படிந்த முடி சொரசொரத்துச் சீப்புக்கு அடங்காது.

சுருளைப் பிடித்து வைக்க ஒரு பசையும் வேண்டும். 1920களில் மேலைநாட்டுச் சிகையலங்காரக் கலைஞர்கள் சீமைமாதுளை விதையையும் ஒருவகை மரப்பிசினையும் ஊறவைத்து எடுத்த வழுவழுப்பான நீரைத் தடவியே விரல்களால் அலைகளை அமைத்தார்கள். நம்மிடம் அதே குணமுள்ள செவ்வரத்தம் இலையும் வெந்தயமும் இருக்கின்றன. நான் கைக்கொள்வது ஆளிவிதை: ஒரு மேசைக்கரண்டி விதையை ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு, முட்டை வெள்ளைக்கருவின் பதம் வரும்வரை மெல்லிய நெருப்பில் கொதிக்கவிட்டு, ஆறுவதற்கு முன்பே துணியில் வடித்தெடுக்கவேண்டும், ஆறவிட்டால் துணியினூடாக இறங்காது. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிழமை இருக்கும். கச்சான் காலத்துக்கு இது தாராளமாகப் போதும். மழைக்காலத்துக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை, ஏனெனில் தாவரப் பசை தானே ஈரத்தை இழுத்து இளகிவிடும். அந்த மாதங்களில் கடையில் விற்கும் செட்டிங் லோஷனே பாதுகாப்பானது.

துணியால் சுருட்டுதல்

துணிச்சுருளைப் பழைய காலத்துப் பாட்டிமாரின் விளையாட்டு என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது எல்லா முறைகளிலும் மேலானது. முடிக்குச் சூடு இல்லை, இரசாயனம் இல்லை, கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் சீமாட்டிகள் காகிதத் துண்டுகளிலும் ஏழைகள் கந்தல் துணியிலும் இரவெல்லாம் முடியைச் சுற்றிக்கொண்டு உறங்கினார்கள். பழந்தமிழ்ப் பெண்டிர் கூந்தலை முடித்த ஐவகையை ஐம்பால் என்பர். முடி, கொண்டை, குழல், பனிச்சை என்பவற்றோடு சுருள் என்பதும் அவற்றுள் ஒன்று.

பழைய நூல்சேலை அல்லது சீத்தைத் துணியை இரண்டு விரல் அகலமும் ஒன்றரைச் சாண் நீளமும் கொண்ட பட்டிகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். பொலியெஸ்டர் உதவாது, அது ஈரத்தைக் குடிக்காது. தலைமுழுகிய முடி சொட்டச் சொட்ட இருக்கும்போது சுற்றினால் விடியும்வரை உள்ளே காயாது. தொட்டால் குளிர்ச்சி தெரியவேண்டும், ஆனால் பிழிந்தால் தண்ணீர் வரக்கூடாது, அந்தப் பதம்தான் சரியானது. முடியைப் பத்து முதல் பதினாறு பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பசையைத் தடவிச் சீப்பால் சீவி, பட்டியோடு சேர்த்துச் சுற்றி, தலையோட்டின் அருகே முடிச்சுப் போடவேண்டும்.

எந்தப் பக்கத்திலிருந்து சுற்றுவது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி, அதற்கான பதிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர்கள் பெருஞ்செலவில் கண்டுபிடித்தார்கள். பேர்மிங்கைத் தொடக்கி வைத்த நெஸ்லர் முடியை வேரிலிருந்து நுனியை நோக்கி, கொடி பந்தற்காலைச் சுற்றுவதுபோலக் கோலைச் சுற்றி இறக்கினார். அன்றைய பெண்களின் கூந்தல் நீளமாக இருந்ததால் அது பொருந்தியது. முதலாம் உலகப் போருக்குப் பின் பெண்கள் கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்ட காலத்தில் குட்டை முடியை அப்படிச் சுற்ற முடியவில்லை. கார்ல்ஸ்பாட் என்னும் ஊரைச் சேர்ந்த யோசப் மேயர் 1924 அளவில் நுனியிலிருந்து வேரை நோக்கிப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் ரோலரைச் சுற்றுவது மேயரின் வழியில்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளின் தலைக்கு அது எப்போதும் ஒத்துவருவதில்லை. இடுப்பளவு கூந்தலை நுனியிலிருந்து பாய்போலச் சுருட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் உருளை பருத்துக்கொண்டே போகும். நுனி ஸ்பிரிங் போல இறுகி, வேர்ப்பகுதி வளையவே வளையாமல் இருக்கும். ஆகவே தோளுக்கு மேல் வெட்டிய முடிக்கு மேயரின் வழி, தோளுக்குக் கீழே இறங்கிய கூந்தலுக்கு நெஸ்லரின் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விதியை நான் தெரிந்துகொள்ள ஐந்து வருடம் ஆயிற்று. அதுவரை கூந்தல் நீளமான ஒவ்வொரு மணப்பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நெஸ்லரின் வழியில் சுற்றும்போது பட்டியின் ஒரு முனையைத் தலையோட்டின் அருகே பிடித்து, தொங்கும் பட்டியைச் சுற்றி முடியைச் சரிவாக, ஒரு சுற்றின் மேல் மறுசுற்று ஏறாதபடி இறக்கி, நுனியை அடைந்ததும் பட்டியின் மறுமுனையை மேலே கொண்டுவந்து முடிச்சிடுங்கள். காலையில் ஒரு பட்டியை மட்டும் அவிழ்த்துப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்தால் குளிர்ந்தால் அது இன்னும் காயவில்லை. திரும்பச் சுற்றிவிட்டு மின்விசிறியின் முன்னே அமர்த்துங்கள். காயாத சுருளை அவிழ்த்தால் நீர்க்கட்டு கட்டி முடியும் முன்பே முடி நீண்டுவிடும், அதன் பிறகு எந்தப் பசையாலும் அதை மீட்க முடியாது.

கிளிப்பும் ரோலரும்

பறங்கியர் குடும்பத்து அம்மா ஒருவர் பேத்தியின் திருமணத்துக்காக வந்தபோது தம் தாயாரின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்து, இந்த அலை வேண்டும் என்றார். நெற்றியிலிருந்து காதை ஒட்டிப் படிந்து இறங்கும் அலை அது. 1920களிலும் 1930களிலும் உலகமெங்கும் பரவிய பாணி. அதனைச் சூடில்லாமலே அமைக்கலாம். ஈரமான முடியில் ஓர் அங்குலச் சதுரமாகப் பிரித்தெடுத்த ஒவ்வொரு கற்றையையும் நுனியிலிருந்து தட்டையாகச் சுற்றி, ஐந்து ரூபாய்க் குற்றியின் அளவுக்குத் தலையோடு படியவைத்து, இரண்டு கிளிப்புகளைக் குறுக்காகக் குத்துங்கள். முதல் வரிசை முழுவதையும் கடிகாரமுள் செல்லும் திசையிலும் அடுத்த வரிசையை எதிர்த்திசையிலும் சுற்றவேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் சுற்றினால் சுருள் வரும், அலை வராது. நன்கு காய்ந்தபின் கிளிப்புகளை எடுத்துவிட்டுப் பிரஷ்ஷால் துணிந்து சீவுங்கள். சீவும்போது எல்லாம் கலைந்ததுபோலத் தோன்றி, பின்னர் அலைகள் தாமாக வந்து வரிசையாகப் படியும்.

ரோலர் 1950களின், 1960களின் கருவி. கூந்தலை உயர்த்திக் குவிப்பது அழகென்று கருதப்பட்ட அந்தக் காலத்தில் அமெரிக்கப் பெண்கள் பழச்சாறு வந்த தகரக் குவளைகளைக்கூட ரோலராக்கித் தலையில் சுற்றிக்கொண்டார்கள். டென்மார்க்கிலிருந்து கார்மென் என்னும் பெயரில் மின்சாரத்தில் சூடேற்றும் ரோலர்களும் வந்தன. அளவைப் பொறுத்தவரை இரண்டு விடயங்களை நினைவில் வைத்தால் போதும். முடி ரோலரைக் குறைந்தது இரண்டரைச் சுற்றுச் சுற்றினால்தான் சுருள் கிடைக்கும், ஒன்றரைச் சுற்றுக்கு வளைவு மட்டுமே கிடைக்கும். பிரித்தெடுக்கும் கற்றையின் அகலம் ரோலரின் நீளத்தை மீறக்கூடாது. உச்சியில் முடியை நெற்றிப்பக்கமாகத் தூக்கிப் பிடித்துச் சுற்றினால் வேர் எழும்பி நிற்கும். நெற்றிச்சுட்டி வைக்கும் பெண்ணுக்கு அப்படி எழும்பி நிற்பது தொல்லை, ஆகவே வகிட்டின் இருபுறமும் முடியைக் கீழ்நோக்கி இழுத்தே சுற்றுங்கள்.

சூடான இடுக்கி

உரோமாபுரிச் சீமாட்டிகள் உள்ளே வெறுமையான உலோகக் குழலைத் தணலில் காய்ச்சி அடிமைகளைக் கொண்டு கூந்தலைச் சுருட்டுவித்தார்கள்; அதற்குக் கலாமிஸ்திரம் என்று பெயர். நெடுங்காலம் அந்தக் கருவி பெரிதாக மாறவில்லை. 1872இல் பாரிசில் மார்செல் கிராட்டோ என்பவர், ஒரு பக்கம் உருண்டையும் மறுபக்கம் குழிவுமாக இருந்த இடுக்கியைத் தலைகீழாகப் பிடித்துப் பயன்படுத்தியபோது, இறுகிய சுருளுக்குப் பதிலாக இயல்பான அலை விழுந்தது. அது அவருக்குப் பெரும்புகழைத் தேடித்தந்தது. வெப்பமானி இல்லாத அக்காலத்தில் இடுக்கியை முதலில் ஒரு வெள்ளைத் தாளில் அழுத்திப் பார்ப்பார்கள். தாள் பழுப்பேறினால் ஆறவிட்டுத்தான் முடியைத் தொடுவார்கள். எண்கள் காட்டாத மலிவான மின் இடுக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தாள் சோதனையை இன்றும் சொல்லிக்கொடுக்கிறேன்.

எண்கள் காட்டும் கருவியாயின் மெல்லிய முடிக்கும் நிறமூட்டிய முடிக்கும் 150 பாகை செல்சியசைத் தாண்டவேண்டாம். எங்கள் பெண்களின் தடித்த கருங்கூந்தலுக்கு 170 முதல் 180 வரை போதும். அதற்கும் அசையாத முடியை 200க்கு மேல் கொண்டுபோய்ப் பணியவைக்க முயல்வது கெரற்றினைக் கருக்குவதிலேயே முடியும். முடி முற்றாகக் காய்ந்திருக்கவேண்டும்: ஈரமுடியில் இடுக்கியை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி முடியின் உள்ளே குமிழ்களை உண்டாக்கும், அவ்விடத்தில் முடி பிறகு முறியும். விரலகலக் கற்றையை எட்டுப் பத்து வினாடி மட்டும் பிடித்து, இடுக்கியை உருவியெடுத்த உடனே சூடான சுருளை அவிழவிடாமல் உள்ளங்கையில் ஏந்தி, சுருண்டபடியே கிளிப் போட்டுத் தலையோடு சேர்த்து வையுங்கள். முடி வடிவம் பெறுவது ஆறும்போதுதான். இடுக்கியிலிருந்து விழுந்த சுருள் அழகாகத் தொங்குவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டு நின்றால் அதன் எடையே அதை நீட்டிவிடும். தலை முழுவதும் ஆறி முடியும்வரை கிளிப்பை எடுக்காமல் ஒப்பனையைச் செய்துமுடிப்பதே என் வழக்கம்.

பேர்மிங்

மார்செல் அலையைக் கண்ட அதே 1872இல், ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் உள்ள டொட்நாவ் என்னும் சிற்றூரில் பிறந்தவர் கார்ல் நெஸ்லர். இடுக்கியால் வரும் அலை தலைமுழுகியதும் போய்விடுகிறதே என்ற கவலை அவரைப் பற்றிக்கொண்டது. பசுவின் மூத்திரத்தையும் தண்ணீரையும் கலந்து முடியில் தடவி, சூடேற்றிப் பார்த்தார். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் மூத்திரம் காரமுள்ளதாக மாறுவது, காரமும் கடுஞ்சூடும் சேர்ந்தால் கந்தகக்கட்டு அசைவது. சோதனைக்குத் தலை கொடுத்தவர் பின்னர் அவர் மனைவியான கத்தரினா லைபிள். முதல் இரண்டு முயற்சிகளிலும் அந்த அம்மாவின் முடி முற்றாகக் கருகி, தலையில் தீக்காயமும் பட்டது. முறை மேம்பட்ட பின் 1905இல் இலண்டனில் நெஸ்லர் அதனைப் பலர் முன்னிலையில் செய்துகாட்டினார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 கிராம் எடையுள்ள பன்னிரண்டு பித்தளை உருளைகளில் முடியைச் சுற்றி, 100 பாகைக்கு மேல் சூடேற்றுவார்கள்; உருளை தலையில் படாதிருக்க மேலேயிருந்து எதிர்நிறைகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள்; ஆறு மணித்தியாலம் அப்படியே அமர்ந்திருக்கவேண்டும். புகழெல்லாம் நெஸ்லருக்குப் போனது. நான் கத்தரினாவையே அதிகம் நினைத்துக்கொள்கிறேன், யாருடைய தலையிலும் புதிய மருந்தொன்றைத் தொடும்போது.

அதற்குப் பின் நடந்தவை பெரும்பாலும் சூட்டைக் குறைக்கும் முயற்சிகள். சிக்காகோவில் மாடம் சி. ஜே. வோக்கரின் கூந்தல் பராமரிப்பு நிறுவனத்தில் பணியாற்றிய மார்ஜரி ஜோய்னர் என்ற ஆபிரிக்க அமெரிக்கப் பெண், இறைச்சி வேகும்போது உள்ளே குத்திவைக்கும் கம்பிகளைப் பார்த்து எழுந்த எண்ணத்தைக்கொண்டு, பல கம்பிகள் தொங்கும் அலை இயந்திரம் ஒன்றுக்கு 1928இல் காப்புரிமை பெற்றார். 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கம்பளி நாரை ஆராய்ந்த ஸ்பீக்மன், கந்தகப் பிணைப்பை இரசாயனத்தால் அவிழ்க்க முடியும் என்பதை விளக்கினார். ஆட்டு மயிருக்குப் பொருந்தியது பெண்ணின் கூந்தலுக்கும் பொருந்தியது. 1938இல் ஆர்னோல்ட் வில்லட் சூடே வேண்டாத குளிர் பேர்மிங்கைக் கொண்டுவந்தார். இன்றும் பெட்டியில் வரும் மருந்தின் அடிப்படை பெரும்பாலும் அதேதான்: அமோனியம் தயோகிளைக்கொலேற்று. 1940களில் டோனி என்னும் பெயரில் வீட்டிலேயே செய்துகொள்ளும் பேர்மிங் பெட்டி அமெரிக்காவில் பரவிற்று. இரட்டைச் சகோதரிகளின் படத்தைப் போட்டு, இவர்களுள் யார் சலூனில் செய்தவர், யார் டோனி போட்டவர் என்று கேட்கும் விளம்பரம் அதற்குப் பெரும் விற்பனையைக் கொடுத்தது. 1948இல் ஜில்லெட் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

பெட்டியில் வந்தாலும் நீங்கள் தனியே உங்கள் தலையில் செய்யவேண்டாம் என்பதே என் எண்ணம். பின்னந்தலையை உங்கள் கண்ணால் பார்க்க முடியாது, மருந்தோ நிமிடக் கணக்கில் வேலை செய்கிறது. பழகிய ஒருவரிடம் போய் அமரும்போது அவர் சரியாகச் செய்கிறாரா என்று கவனிக்கவே பின்வருவனவற்றைச் சொல்கிறேன்.

முதலில் மருதோன்றி பற்றிய கேள்வி வரவேண்டும். வராவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். கலப்பில்லாத மருதோன்றி முடியைப் போர்த்தி மருந்தை உள்ளே விடாது, ஆகவே சுருள் திட்டுத்திட்டாக விழும். கறுப்பு நிறத்துக்காக உலோக உப்புகள் கலந்து விற்கும் மருதோன்றித் தூள் அதைவிட ஆபத்தானது. அது பேர்மிங்கின் இரண்டாம் திரவத்தில் உள்ள பேரொட்சைட்டோடு சேர்ந்து முடியைச் சூடாக்கி முறித்துவிடக்கூடும். அத்தகைய முடி வளர்ந்து வெட்டப்படும்வரை பேர்மிங்கை மறந்துவிடுங்கள். அடுத்து, ஈரமான ஒற்றை முடியை மெதுவாக இழுத்துப் பார்ப்பார்கள். நீண்டு மீண்டும் சுருங்கினால் நலம், அறுந்தால் அன்று வேலை இல்லை. காதின் பின்புறத் தோலில் மருந்தைச் சிறிதளவு தடவி ஒருநாள் பார்ப்பதும், கழுத்தோரத்து ஒரு கற்றையில் முழுமுறையையும் ஒத்திகை பார்ப்பதும் வேண்டும். திருமணத்துக்கு இரண்டு கிழமைக்குக் குறைவான கால இடைவெளி இருந்தால் நான் பேர்மிங்குக்கு இணங்குவதில்லை.

நெற்றியோரம் முழுவதும் வசலின் பூசி, பஞ்சை வரிசையாக வைத்தபின், கோல்களில் நுனிக் காகிதத்தோடு முடியைச் சுற்றவேண்டும். இழுத்துக் கட்டக்கூடாது, மருந்தால் முடி ஊதும், இறுகக் கட்டிய முடி ஊதுவதற்கு இடமில்லாமல் முறியும். மருந்து ஊற்றியபின் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு கோலை ஒன்றரைச் சுற்று அவிழ்த்துப் பார்ப்பார்கள், முடி பாம்பு நெளிவதுபோலத் தானாக வளைந்தால் கந்தகக்கட்டு வேண்டிய அளவு அவிழ்ந்துவிட்டது என்று பொருள். எங்கள் ஊர் வெயிலில் பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்பே அந்த நிலை வந்துவிடுவதுண்டு, கடிகாரத்தை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. பிறகு கோல்களை எடுக்காமலே ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீரில் அலசி, துவாயால் ஒற்றி ஈரத்தை எடுத்து, ஐதரசன் பேரொட்சைட்டு உள்ள இரண்டாம் திரவத்தை ஊற்றுவார்கள். அவிழ்ந்த கந்தகக்கட்டுகள் புதிய வடிவத்தில் மீண்டும் கட்டிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். முதல் திரவத்தின் நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு பொறுமையாக இருந்தவர்கள்கூட இரண்டாவதில் அவசரப்படுவார்கள். நான் வேலை பழகிய இடத்தில், மாலை வேளையில் பூட்டும் நேரம் நெருங்கிவிட்டது என்பதற்காக என் தலையில் இரண்டாம் திரவத்தைப் பாதி நேரத்திலேயே கழுவிவிட்டார்கள். ஒரு கிழமைக்குள் சுருள் பாதி அவிழ்ந்தது, ஈரமான முடி ரப்பர் போல இழுபட்டது. தோளளவுக்கு வெட்டித்தான் அந்தத் தலையைச் சீராக்க முடிந்தது. பெட்டியில் எழுதியிருக்கும் நேரம் முழுவதும் அது தலையில் இருக்கட்டும்.

செய்து இரண்டு நாட்களுக்குத் தலைமுழுகவேண்டாம், கட்டி இழுத்துக் கொண்டை போடவும் வேண்டாம். அதன்பின் மழையும் வாடையும் அந்தச் சுருளை அசைக்கமாட்டா. முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவு நேராக வளர்ந்து இறங்கும், பேர்மிங் செய்த பகுதி வெட்டும்வரை சுருளாகவே இருக்கும். ஆறு மாதத்துக்குப் பின் நேர்முடியும் சுருள்முடியும் சேரும் இடம் கண்ணை உறுத்தத் தொடங்கும். ஒரே ஒரு நாள் அழகுக்காக இதைச் செய்வது எனக்கு உடன்பாடில்லை. மாரிகாலத்துத் திருமணங்களுக்குக்கூடத் துணிச்சுருளையும் செட்டிங் லோஷனையுமே முதலில் சொல்வேன், நாள்தோறும் சுருளோடு வாழ விரும்புபவருக்கு மட்டுமே பேர்மிங்.

அன்று காலை

சுருள்களைப் பிரித்தெடுக்கச் சீப்பு வேண்டாம், விரல்கள் போதும். ஒவ்வொரு சுருளையும் அது சுற்றப்பட்ட திசையிலேயே விரலில் சுற்றி விடுங்கள். ஹெயர் ஸ்பிரேயை ஒரு முழத் தூரத்திலிருந்து மெல்லிய படலமாக இரண்டு முறை அடித்து, முதலாவது காய்ந்தபின்பே இரண்டாவதை அடியுங்கள். கிட்டப் பிடித்து நனையும்படி அடித்தால் நீங்களே சுருளுக்குத் தண்ணீர் தெளித்தவராவீர்கள். காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் மணப்பெண்களுக்கு முக்காட்டின் கீழ் மறையும் பின்கூந்தலைச் சுருட்டி வீணாக்காமல் தட்டையான கொண்டையாக்கி, பெண்கள் மட்டும் கூடும் நேரத்துக்கென முன்பக்கத்தை மட்டும் சுருட்டிக் கிளிப்போடு பாதுகாத்து வைக்கிறேன். தேவாலயத்துக்குப் போகும் பெண்ணாயின் முகத்திரையின் சீப்பைச் சுருள் தொடங்கும் இடத்துக்கு மேலேயே குத்தவேண்டும்.

மல்லிகைச் சரத்தையே பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். பூக்காரர் வாடாதிருக்கத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றித் தருவார். அதை அப்படியே எடுத்துக் கூந்தலில் சூட்டினால் இரவெல்லாம் பாடுபட்டுக் கட்டிய நீர்க்கட்டு அரைமணி நேரத்தில் அவிழ்ந்துவிடும். சரத்தைச் சூட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிரித்து, உதறி, உலர்ந்த துவாயின் மேல் பரப்பி வையுங்கள். கைப்பையில் நான்கு கிளிப்புகளையும் ஒரு சிறு ஹெயர் ஸ்பிரேயையும் தோழியிடம் கொடுத்து அனுப்புங்கள்; மண்டப வாசலில் வந்து, பிள்ளைக்கு இது சொந்தச் சுருளா என்று தொட்டும் இழுத்தும் பார்க்கும் மாமிமாரின் கைக்கு எட்டாத தூரத்தில் மணப்பெண்ணை அழைத்துச் செல்வதும் அந்தத் தோழியின் பொறுப்பு.